ஞாயிற்றுக்கிழமை சைஸ்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக்கொண்டு திரிகிற பையன்களுக்கு ஹில்டா என்ற பெயரைக் கேட்டாலே பயம். போலீஸ்காரரிடம் கூடப் பேசிச் சமாளித்துவிடலாம், ஹில்டாவிடம் முடியாது. ஆசை ஆசையாக செல்போனில் ஒரு வீலைக் காட்டி, "இது நம்ம வண்டிக்கு ஆவுமாக்கா?" என்று கேட்டால், அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவுவாள். நிமிர்ந்து, "ஆவாது" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்படித்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஆவடியில் பிறந்து வளர்ந்தவள். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தும் மேலே படிக்க வைக்கவில்லை. கட்டிக்கொடுத்த இடம் பூந்தமல்லி, கட்டிக்கொண்டவர் பிரகாசம். அவர் அப்போது பஞ்சர் கடை வைத்திருந்தார். பஞ்சர் கடை டயர் கடையாகி, டயர் கடை அலாய் வீல் கடையானபோது, எந்த வண்டிக்கு எந்த அளவு போடுவது என்பது தினமும் தலைவலியாக இருந்தது. பிரகாசத்துக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், எண்கள் பிடிபடாது. ஹில்டா ஒருநாள் டயரின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து, "இது இன்னா பெரிய வித்தையா?" என்று உட்கார்ந்தாள். டயரின் அகலம், அதில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று டயரின் பக்கவாட்டு உயரம், அதற்கு உள்ளே வீலின் அங்குலம். அந்தப் பக்கவாட்டுக்கு அவள் வைத்த பெயர் கன்னம். வீல் பெரிதானால் கன்னம் ஒட்ட வேண்டும், மொத்த உயரம் மட்டும் மாறக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. ஆஃப்செட் என்று ஒரு எண் இருக்கிறது. அது குறையக் குறைய வீல் வண்டியை விட்டு வெளியே துருத்தும். தாழ்த்திய வண்டியில் துருத்தினால், பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டின் விளிம்பு டயரை அறுக்கும்.

கணக்கை மட்டும் நம்புகிறவள் இல்லை அவள். காலையில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டையை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வருவாள். அதை மட்கார்டின் உள்விளிம்பில் அப்பிவிட்டு, பின் சீட்டில் ஆட்களை உட்கார வைத்து, கடைக்கு எதிரே இருக்கும் வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொல்வாள். வந்ததும் மாவைப் பார்ப்பாள். விரல் கனத்துக்கு மாவு மிச்சமிருந்தால் சரி. நசுங்கியிருந்தால் வீல் வந்த வழியே திரும்பிப் போகும். லட்ச லட்சமாகக் கொட்டி வாங்கிய ஜெர்மன் காரில் சப்பாத்தி மாவை அப்புகிறாளே என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கெல்லாம் அவள் அசைந்து கொடுத்ததில்லை.

அவளுக்கு இருந்த ஒரே பெருமை, அவள் சொன்ன அளவில் ஓடும் எந்த வண்டியிலும் டயர் உரசியதில்லை என்பது. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் ரோட்டில் போகும்போது வீல் துருத்திக்கொண்டு ஒரு கார் கடந்தால் போதும், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடியே ஆரம்பித்துவிடுவாள்.

"பாருங்க, பாருங்க. எந்தப் புண்ணியவான் மாட்டிவுட்டானோ! உள்ள ஒக்காந்துகீறவன் ஊடு போய்ச் சேர வாணாமா? இந்த மாதிரி மாட்டித் தர்றவன் குடும்பம் விளங்குமா?"

பிரகாசம் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, "எவன்னு தெர்லியே ஹில்டா" என்பார். பிரகாசத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. ஊரில் அவருக்கு வேண்டாதவர் ஒருத்தர் கிடையாது.

ஆடி கழிந்த பிறகு ஒரு நாள் இளங்கோ வந்தான். செம்பரம்பாக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம், அவன் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் கம்பெனியில். வேகத்துக்குப் பேர்போன ஒரு ஜெர்மன் செடானை வாங்கி, சஸ்பென்ஷனை மாற்றி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழையும் என்கிற அளவுக்குத் தாழ்த்தி வைத்திருந்தான். கூடவே அவன் மனைவி தேவிப்பிரியா. அவளுக்கு வீலைப் பற்றி அக்கறையில்லை, மாவு அப்புவதைத்தான் வாயில் கைவைத்து வேடிக்கை பார்த்தாள்.

இளங்கோவுக்குப் பத்தொன்பது அங்குலம் வேண்டும். ஒன்பது அங்குல அகலம், ஆஃப்செட் முப்பத்தைந்து. பின்னால் இருந்து பார்த்தால் வீல் மட்கார்டோடு சேர்த்து இழைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டுமாம். கடையில் இருந்த அதே அளவு வீல் ஒன்றை மாட்டிக் காட்டினாள் ஹில்டா. வேகத்தடையில் ஏறி இறங்கி வந்தபோது மாவு காகிதமாகியிருந்தது.

"பதினெட்டுப் போட்டுக்கோ தம்பி. எட்டு அகலம், ஆஃப்செட் நாப்பத்தஞ்சு, டயரு எரநூத்தி இருபத்தஞ்சு நாப்பது. வண்டி ஒசரமும் மாறாது, ஒரசவும் ஒரசாது. நீ கேக்கறது இன்னும் ஒரு அங்குலம் வெளிய வரும். மட்கார்டு கத்தியாட்டம் அறுத்துடும்."

"நான் மட்டும் தான்க்கா ஓட்டுவேன். ஒத்த ஆளு வெயிட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்ப பின்னாடி சீட்ட கயட்டி ஊட்ல வெச்சுட்டு வா. மாட்டித் தர்றேன்."

தேவிப்பிரியா சிரித்துவிட்டாள். இளங்கோ சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனான். அதற்குப் பிறகு அவன் கடைப் பக்கம் வரவில்லை. வேறு எங்கோ போய் ஏமாந்திருப்பான் என்று ஹில்டா இரண்டு நாள் வருத்தப்பட்டாள், பிறகு மறந்துபோனாள்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, காட்டுப்பாக்கத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு ஹில்டா பஸ்ஸுக்கு நின்றாள். மழை என்றால் சாதாரண மழையில்லை. மெட்ரோ தூண்களுக்கு நடுவே ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குடை மடங்கிக்கொண்டு அடம் பிடித்தது. பஸ் வருகிற மாதிரியே தெரியவில்லை. அப்போது ஒரு கார் ஓரமாக வந்து நின்று, கண்ணாடி இறங்கியது.

"ஹில்டா அக்கா! ஏறுங்க ஏறுங்க, நனையாதீங்க."

தேவிப்பிரியாதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் அவள் மாமியார் தாட்சாயிணி அம்மாளும், பள்ளிக்கூடச் சீருடையில் குழந்தை ரோஷினியும். பக்கத்தில் முன் சீட்டில் மளிகைப் பைகள், டிக்கியில் அரிசி மூட்டை. ஹில்டா புடவையைப் பிழிந்துகொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வாழ்நாளில் ஒரு காரின் வீலைப் பார்க்காமல் அவள் ஏறியது அன்றைக்குத்தான். வீல் பாதி தண்ணீரில் இருந்தது.

குழந்தை அவளிடம் ஒரு பிஸ்கட்டை நீட்டியது. வாங்கி வாயில் வைக்கப்போனாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

கர்ர்ரக்.

ஹில்டாவின் கை அப்படியே நின்றுவிட்டது. மழைச் சத்தத்தோடு சத்தமாக, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம். அடுத்த பள்ளம், மறுபடியும் கர்ர்ரக். அதோடு ரப்பர் கருகும் வாசனை.

"தேவி, இந்த சத்தம் எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா இருக்குக்கா. ஆள் ஏறினா வரும்."

"பெரிய வண்டி இல்லியா, கொஞ்சம் மொனவும்" என்றார் தாட்சாயிணி அம்மாள், வீட்டுப் பசுவைப் பற்றிச் சொல்வது போல.

"நிறுத்து."

"இங்கயாக்கா? பூந்தமல்லி இன்னும்..."

"நிறுத்துன்னு சொல்றேன்!"

அவள் போட்ட சத்தத்தில் குழந்தை மிரண்டு பாட்டியின் மேல் சாய்ந்தது. தேவிப்பிரியா ஒரு மூடிய கடையின் முன்னால் ஏற்றி நிறுத்தினாள். ஹில்டா குடையைக்கூட எடுக்காமல் இறங்கி, பின் சக்கரத்தின் பக்கம் மண்டியிட்டாள். செல்போன் வெளிச்சத்தை அடித்தாள்.

பத்தொன்பது அங்குலம். அவள் ஆகாது என்று சொன்ன அதே அளவு. டயரின் தோள்பட்டை முழுக்கச் சுற்றிலும் சீவிவிட்டது போல இருந்தது. ரப்பர் போய், உள்ளே இருக்கும் கம்பி நூல்கள் தலைமயிர் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அடுத்த பக்கம் போய்ப் பார்த்தாள், அங்கேயும் அதே கதை. இன்னும் நாலு பள்ளம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். பைபாஸில் வேகமாகப் போகும்போது வெடித்திருந்தால்? ஹில்டாவால் நினைக்கவே முடியவில்லை. மழையில் நின்றபடி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு கோபம் வந்தது. "எந்தக் கட்டையில போறவன் இத மாட்டினான்?"

தேவிப்பிரியா குழம்பிப்போய்ப் பார்த்தாள். "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? உங்க கடையிலதானே போட்டது. நீங்க சொன்ன சைஸ்தான்னு அவரு சொன்னாரு. நீங்க மாதா கோயிலுக்குப் போயிருந்தீங்களாம், சார்தான் மாட்டித் தந்தாராம். அதனாலதானே நான் பயமில்லாம குழந்தைய ஏத்திட்டுப் போறேன்."

அந்தக் கடைசி வார்த்தை ஹில்டாவின் நெஞ்சில் போய் இறங்கியது. நம்ப முடியாமல், "ஒன் வூட்டுக்காரருக்குப் போன் போடு" என்றாள். தேவிப்பிரியா போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தம்பி, நான் ஹில்டா பேசறேன். ஒன் வண்டில இத யாரு மாட்டினது?"

இளங்கோ மென்று விழுங்கிக்கொண்டு சொன்னான். "அது ஞாயித்துக்கெழம சைஸுக்கா."

"இன்னாது?"

"வீல வெளிய வாங்கி டிக்கில போட்டுகினு, நீங்க காலைப் பூசைக்குப் போன நேரமா வந்தா, அண்ணாத்த மாட்டித் தருவாரு. எல்லாரும் அப்படித்தான்க்கா போடறாங்க. உங்களுக்கு... உங்களுக்குத் தெரியாதா?"

ஹில்டா போனை அணைத்தாள். ஊருக்கே தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. வாரம் முழுக்க அவள் சொல்வது ஒரு அளவு, ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு அளவு. அதற்கு ஒரு பெயர் கூட வைத்திருக்கிறார்கள். மாட்டித் தருகிறவன் குடும்பம் விளங்குமா என்று இத்தனை காலமாக அவள் ஸ்கூட்டரில் உட்கார்ந்து சபித்ததெல்லாம் யாரை? தன் முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிய மனிதரின் முதுகைப் பார்த்தா?

பிரகாசத்துக்கு அவளே போன் செய்தாள். "இளங்கோவோட வண்டி காட்டுப்பாக்கம் ரோட்டுல நிக்குது. ஜாக்கி எடுத்துகினு வா." கோபம் வந்தால் அவள் பேச்சில் 'ங்க' உதிர்ந்துவிடும். அது அவருக்குத் தெரியும். எதுவும் கேட்காமல் வைத்துவிட்டார்.

லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜாக்கியோடு நான்கு வீல்களும் வந்தன. இளங்கோவின் காரோடு வந்த ஒரிஜினல் வீல்கள். அதைப் பார்த்ததும் ஹில்டாவுக்கு அடுத்த அதிர்ச்சி.

"இது எங்க இருந்துச்சு?"

"பரண் மேல."

"நம்ம கட பரண் மேலயா? தார்ப்பாய் போத்தி வெச்சுகீறியே, பழைய இரும்புன்னியே, அதுவா?"

பிரகாசம் தலையை ஆட்டினார். கழற்றிய வீலை வீட்டுக்கு எடுத்துப்போனால் நல்ல வீலை ஏன் மாற்றினாய் என அவரவர் பெண்சாதி கேட்பாள் என்று எல்லோரும் அவரிடமே விட்டுவிட்டுப் போகிறார்களாம்.

"நான் இன்னா பண்ணட்டும் ஹில்டா? வந்து நின்னு அண்ணாத்த, அண்ணாத்தன்னு கெஞ்சறானுங்க. நீ மூஞ்சில அடிச்சா மாதிரி சொல்லிடற. எனுக்கு அப்டி சொல்ல வரல. அவன் வண்டி, அவன் ஆச. நாம மாட்டாங்காட்டி வேற எவனாவது மாட்டத்தான் போறான்னு..." பேசிக்கொண்டே குனிந்து டயரில் கை வைத்தார். "ஸ்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டார். வெளியே நீட்டியிருந்த கம்பி விரலில் ஏறியிருந்தது.

விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான், கடை ஓரத்தில் நனையாமல் ஒதுங்கி நின்ற தாட்சாயிணி அம்மாளையும் குழந்தையையும் பார்த்தார். குழந்தை பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தது. அவர் முகம் வெளுத்துப்போனதை ஹில்டா கவனித்தாள்.

"இதுங்கள்ளாம் இந்த வண்டிலியா வந்துச்சு?" என்றார் மெதுவாக.

"பின்ன? அரிசி மூட்டை வேற கீது."

"ஞாயித்துக்கெழம ஆம்பளைங்க தனியாத்தான் வருவாங்க ஹில்டா. பின்னாடி ஒக்கார்ற யாரையும் நான் பார்த்ததே இல்ல."

மழையிலேயே உட்கார்ந்து நான்கு வீல்களையும் மாற்றினார். ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி மறுபடி முறுக்கிப் பார்த்தார். தேவிப்பிரியா வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றார்.

மறுநாள் காலை ஹில்டா ஏணி போட்டுப் பரண் மேல் ஏறினாள். தார்ப்பாயை விலக்கியதும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சுவர் முதல் சுவர் வரை வீல்கள். பார்த்ததுமே அவளுக்கு வண்டி தெரிந்தது. இது கண் டாக்டர் மகனுடையது. இது குமணன்சாவடி பேக்கரிக்காரருடையது. இது கோயிலில் பாட்டுக் கற்றுத்தருகிற டீச்சரின் வீட்டுக்காரருடையது. போன ஞாயிற்றுக்கிழமை கூடப் பூசை முடிந்து டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹில்டா, எங்க வண்டி ஓடறதே தெரியல, நீ சொன்ன வீலு அப்படி" என்றாளே! இவ்வளவு பேரும் அவள் பெயரை நம்பி, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். ஹில்டா பரண் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

கீழே பிரகாசம் ஒவ்வொருவருக்காகப் போன் போட ஆரம்பித்திருந்தார். அவள் சொல்லவில்லை, அவராகவே போட்டார். சிலர் பதறிக்கொண்டு வந்தார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் முகம் கொடுக்காமல் வந்து, மாற்றிக்கொண்டு போனார். சிலர், "அக்காவுக்குத் தெரிஞ்சிபோச்சா?" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்கள். வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம். பரண் பாதிக்கு மேல் நிறைந்தேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மணி அடித்தபோது ஹில்டா கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலைப் பூசையை அவள் விட்டதில்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மாலைப் பூசைக்குப் போகலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிரகாசம் உள்ளே காற்றுக் குழாயைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

வண்டிகள் வரத் தொடங்கின. ஒரு வெள்ளைக் கார் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு திரும்பியது. நாற்காலியில் இருப்பது யார் என்று தெரிந்ததும் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போய்விட்டது. பின்னால் வந்த நீலக் காரும் அப்படியே. இன்னொருவன் கடைவரை வந்துவிட்டு, வழி தெரியாமல் வந்தவன் போல எதிர்க் கடைப் போர்டைப் படித்துவிட்டுப் போனான். இத்தனை பேரா? ஹில்டா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் ஒரு கார் தயங்காமல் உள்ளே வந்து நின்றது. தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்திய வண்டி. ஓட்டி வந்த பையன் புதியவன், அவளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. இறங்கி நேராக அவளிடமே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தம்மா கோயிலுக்குப் பூட்டாங்களா?"

ஹில்டா தலையை மட்டும் ஆட்டினாள். பையன் முகம் மலர்ந்து டிக்கியைத் திறந்தான். உள்ளே பளபளவென்று நான்கு வீல்கள், பத்தொன்பது அங்குலம். அப்போதுதான் அவள் பின் சீட்டைப் பார்த்தாள். ஒரு சின்ன வயசுப் பெண், மடியில் கைக்குழந்தை. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, வீலை மாட்டியதும் எங்கேயோ விசேஷத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள். ஹில்டா பார்ப்பதைக் கண்டு கண்ணாடியை இறக்கிச் சிரித்தாள்.

"சீக்கிரம் ஆயிடுமாக்கா? இவரு பெரிய வீலு போடணும்னு ஒரே தொல்ல. எனக்குத்தான் பயம். ஹில்டா அக்கா கடைன்னா கண்ண மூடிகினு ஏறி ஒக்காரலாம்னு எல்லாரும் சொன்னாங்க, அதான் சரின்னேன்."

உள்ளே பிரகாசத்தின் கையிலிருந்து குழாய் நழுவி விழுந்தது. பையன் தரையைப் பார்த்தான்.

ஹில்டா எழுந்து வந்து, காரின் பின் கதவைத் திறந்து, குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

"கண்ணத் தொறந்துகினு கீழ எறங்கும்மா" என்றாள். "நான்தான் ஹில்டா."

பிரகாசம் வெளியே வந்து, டிக்கியை மெல்ல மூடினார்.